அலமாரிச் சாவி வைத்திருப்பவர்களுக்கு: பவளக் கற்களுக்கு வார்னிஷ் பூசாதீர்கள்

கல்லூரி நிலவியல் துறைகளிலும் சிறிய அருங்காட்சியகங்களிலும் புதைபடிவ அலமாரிகளுக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பெயரையோ நிறுவனத்தையோ சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த மடல் அவர் ஒருவர் மீதான புகாராகச் சுருங்கிவிடும். அவரிடம் கண்டதையே வேறு இரண்டு மூன்று இடங்களிலும் கண்டிருக்கிறேன். நான் பட்டம் பெற்ற நிலவியலாளன் அல்லன். பழைய சேகரிப்புகளைத் தூசு தட்டி, பதிவேட்டோடு ஒப்பிட்டு, எண்வாரியாக அடுக்கிக் கொடுக்கும் தன்னார்வலன். கூலி கிடையாது. அதனால் வாயை அடக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

ஒரு நாள் வழக்கம்போல் அலமாரி அறைக்குள் நுழைந்தபோது வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். அதற்காகப் பவள மாதிரிகள் எல்லாவற்றையும் அமிலத்தில் முக்கியெடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, வார்னிஷ் பூசி, செய்தித்தாள் விரித்துக் காயவைத்திருந்தார்கள். கற்கள் ஈரமான கூழாங்கற்களைப்போல் பளபளத்தன. பக்கத்தில் கணினியில் அச்சிட்ட புதிய சீட்டுகள் அழகாக வெட்டி அடுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே சொல்: ‘பவளம்’. பழைய சீட்டுகள் எங்கே என்று கேட்டேன். மை மங்கிப்போய் அசிங்கமாக இருந்தன, எடுத்துவிட்டோம் என்றார்கள். குப்பைக்கூடையில் கைவிட்டுப் பார்த்தேன். சீட்டுகளோடு, குறுக்கே பாதியாக வெட்டப்பட்ட ஒரு கொம்புப் பவளமும் கிடந்தது. “அது உடைந்தது ஐயா” என்றார் உதவியாளர்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்று மாலை முழுவதும் அவர் உழைத்திருக்கிறார், அதுவும் அக்கறையோடு. அந்த அக்கறைதான் எனக்கு அச்சமூட்டுகிறது. கவனிப்பாரற்று நூறாண்டு கிடந்த கல் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு மாலைநேரச் சுறுசுறுப்பில் அது பாழாகிவிடுகிறது.

அந்த ஒற்றைச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். பவளம் என்றால் நமக்குச் சிவப்பு. சங்கப் பாடல்களில் துகிர் என்று வரும் அதே சிவப்பு. நகைக்கு ஆகும் அந்தப் பவளம் எட்டு உணர்கொம்புகள் கொண்ட உயிரியின் உள்தண்டு. அதில் உயிரி அமரும் கிண்ணமும் இல்லை, கிண்ணத்துக்குள் ஆரத் தகடுகளும் இல்லை. அலமாரியில் இருக்கும் சாம்பல்நிறக் கற்களோ வேறு குலத்தைச் சேர்ந்தவை, பாலிப் என்னும் குழல்வடிவச் சிற்றுயிரி தன் அடியில் தானே கட்டிக்கொண்ட சுண்ணாம்பு இருக்கைகள். இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதி வைத்தால், பார்க்க வருகிறவர் ‘இது ஏன் சிவப்பாக இல்லை?’ என்றுதான் கேட்பார். மாணவர்களே கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய சீட்டு குப்பைக்கூடையில் கிடந்தது.

புதைபடிவப் பவளங்களில் பெரும்பாலானவற்றை முதலில் மூன்று பெருங்கூட்டங்களாகப் பிரித்துவிடலாம். ரூகோசா, டாபுலாட்டா, ஸ்கிளெராக்டினியா. முதல் இரண்டும் ஆர்டோவிசியன் காலத்தில் தோன்றி, ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலம் முடிந்த பேரழிவோடு மறைந்துவிட்டன. மூன்றாவது அதற்குப் பின் டிரயாசிக் காலத்தின் நடுப்பகுதியில் தலைகாட்டியது. இன்றைய கடலில் பவளத்திட்டுகளைக் கட்டுவது இந்தக் கூட்டம்தான். ஆகவே ஒரு மாதிரியை ரூகோசா என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், அது வந்த பாறையின் வயதுக்கு ஒரு கீழ்வரம்பையும் சொல்லிவிட்டீர்கள். ‘பவளம்’ என்று மட்டும் எழுதினால் ஐம்பது கோடி ஆண்டுகளுக்குள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ரூகோசா என்ற பெயருக்கே சுருக்கம் விழுந்தது என்று பொருள். கொம்பு போன்ற தனிப்பவளத்தின் வெளித்தோலில் வளையம் வளையமாகச் சுருக்கங்கள் ஓடும். கிண்ணத்தை மேலிருந்து பார்த்தால் நடுவை நோக்கி ஆரத் தகடுகள் இறங்கும். தொடக்கத்தில் ஆறு தகடுகள். பிறகு வரும் பெரிய தகடுகள் நான்கு இடங்களில் மட்டுமே நுழைகின்றன. அதனால் உற்றுப் பார்த்தால் வட்டத்துக்குள் ஓர் இடவலச் சமச்சீர் தெரியும், சில தகடுகள் குட்டையாகி ஓர் இடைவெளியும் விழுந்திருக்கும். ஸ்கிளெராக்டினியாவில் ஆறு பகுதிகளிலும் தகடுகள் நுழையும். ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று பெருகும். டாபுலாட்டாவில் இந்தத் தகடுகள் இருந்தும் இல்லாததுபோல் இருக்கும், வெறும் முள்வரிசையாக நின்றுவிடுவதும் உண்டு. அங்கே குழாய்களைக் குறுக்கே அடைத்துக்கொண்டு அடுக்கடுக்காகக் கிடக்கும் தட்டுகள்தான் முக்கியம். டாபுலாட்டா தனியாக வாழ்ந்ததில்லை, எப்போதும் கூட்டுக்குடித்தனம்தான். தேனடைபோல் அறுகோணக் குழாய்கள் நெருங்கி நின்று, சுவர்களில் ஊசித்துளைகள் தெரிந்தால் ஃபேவோசைட்டிஸ். குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்துச் சங்கிலியாக வளைந்து ஓடினால் ஹாலிசைட்டிஸ். இது சைலூரியன் என்னும் பழங்காலத்துப் பாறைகளில் நிறையக் கிடைக்கிறது. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

இந்த வேறுபாடுகள் எல்லாம் கல்லின் உள்ளே இருப்பவை. இந்த மடலை எழுத வைத்ததும் இதுதான். வெளி வடிவம் ஏமாற்றும். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல ரூகோசா இனங்கள் ஒரே மாதிரிக் கொம்பாக வளர்ந்திருக்கின்றன. நெருக்கடியான இடத்தில் வளர்ந்த ஒரே இனம் ஒருமுறை நெடிதாகவும் ஒருமுறை தட்டையாகவும் நிற்கும். கொம்பு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேரினப் பெயர் எழுதுகிறவர் துணிச்சல்காரர். குறுக்குவெட்டு ஒன்று, நெடுக்குவெட்டு ஒன்று, இரண்டும் வேண்டும். குறுக்குவெட்டில் தகடுகளின் வரிசையும் நடுத்தண்டும் தெரியும். நெடுக்குவெட்டில் குறுக்குத் தட்டுகள் சமமாக இருக்கின்றனவா, கூடாரம்போல் எழும்புகின்றனவா, ஓரத்தில் குமிழ்போன்ற சிறு தகடுகள் அடைத்திருக்கின்றனவா என்பது தெரியும். பெயர் சொல்லும் விவரங்கள் இவைதாம்.

ஆகவே, அறுக்கப்பட்ட பவளம் உடைந்த பவளம் அன்று. யாரோ ஒருவர் அதன் உள்ளே பார்க்க விரும்பி, அறுத்து, ஒரு சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும்படி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு தடிமனுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார் என்பதற்கு அது சான்று. மீதிப் பாதியை எறிந்தால் அந்தச் சீவல் அநாதையாகிவிடும். அலமாரியிலேயே விலைமதிப்பற்ற கல், பார்க்க மிகவும் குறைபட்டதாகத் தோன்றும் அந்தப் பாதிக் கல்லாகவே இருக்கலாம்.

அறுக்கும் இயந்திரம் இல்லை என்பீர்கள். பெரும்பாலான இடங்களில் இல்லைதான். தேவையும் அவ்வளவாக இல்லை. பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமமோ களிமண்ணோ கலவாத உறுதியான கல் என்றால், ஏற்கெனவே தேய்ந்து சமமாக இருக்கும் முகத்தில் ஈரத்துணியால் ஒருமுறை தடவிப் பாருங்கள். உலர்ந்திருக்கும்போது ஊமையாக இருந்த கல், நனைந்ததும் தன் வலைப்பின்னலைக் காட்டிவிடும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1965-இல் தன் மாநிலக் கல்லாக அறிவித்த பெட்டோஸ்கி கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டெவோனியன் காலத்தில், அதாவது சுமார் 42 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன், வாழ்ந்த ஹெக்ஸகோனேரியா என்னும் ரூகோசாக் கூட்டுப்பவளம் அது. காய்ந்திருந்தால் சாதாரணச் சுண்ணாம்புக்கல். நனைந்தால் ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிக் கதிர்களும். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று, பக்கவாட்டிலிருந்து விழும் விளக்கொளி, ஈரத்துணி. முக்கால்வாசி வேலை இவற்றிலேயே முடிந்துவிடும்.

மீதிக் கால்வாசிக்கு, அறுத்து மெருகிட்ட முகம் ஏற்கெனவே இருந்தால், படலம் உரித்தெடுக்கும் எளிய முறை ஒன்று உண்டு. முகத்தை நுண்ணிய கார்போரண்டம் தூளால் சமமாகத் தேய்த்து, மிகவும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நொடிகள் மட்டும் காட்டி, கழுவி உலர்த்தி, அசிட்டோன் ஊற்றி, அதன்மேல் அசிடேட் தாளை மெல்லப் படியவைத்துக் காய்ந்தபின் உரித்தால், தகடுகளின் அச்சு முழுவதும் தாளில் ஏறிவிடும். கல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆனால் இதை ஒரு முறையாவது கூட இருந்து பார்த்தவர் செய்யவேண்டும். நான் முதன்முதலில் எடுத்த படலத்தில் காற்றுக் குமிழிகள்தான் அழகாகப் பதிந்திருந்தன.

பவளமே அல்லாதவை பவளத் தட்டில் குடியிருப்பது இன்னொரு சங்கதி. துளைகள் அரை மில்லிமீட்டரைவிடச் சிறியதாக, கல் முழுக்கப் பொடிப்பொடியாக இருந்தால் பிரையோசோவா என்னும், பாசிபோல் படரும் கூட்டுயிரியாக இருக்கலாம் என்று ஐயப்படுங்கள். வெங்காயம்போல் படலம் படலமாக, இடையிடையே சிறு தூண்களோடு இருந்தால் ஸ்ட்ரொமாட்டோபோராய்டு. அது கடற்பஞ்சுக் கூட்டம். கீட்டீட்டிஸை எடுத்துக்கொள்ளுங்கள். நூலிழை போன்ற குழாய்கள் நெருக்கமாக நிற்பதால் நெடுங்காலம் அதை டாபுலாட்டாவில் சேர்த்தே பாடம் நடத்தினார்கள். பிறகு அதற்குள் கடற்பஞ்சுகளுக்கே உரிய நுண்முட்கள் அகப்பட்டன. இப்போது அதுவும் கடற்பஞ்சு. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. செருப்பின் முனைபோல் வளைந்து, மேலே மூடியும் வைத்திருக்கும் கால்சியோலாவை ஒருகாலத்தில் பிராக்கியோபாடு என்னும் இரட்டை ஓட்டுக் கடலுயிரி என்று நினைத்தார்கள், அது ரூகோசா. இன்னொரு பவளத்துக்கு அதன் குழப்பமே இனப்பெயராகிவிட்டது: புளூரோடிக்டியம் புராப்ளமாட்டிகம். பெரும்பாலும் அச்சு மட்டுமே எஞ்சியிருக்கும். நடுவில் ஒரு புழுவின் வளைகுழாய் ஓடும். அறிஞர்களே தடுமாறிய இடத்தில் நீங்களும் நானும் தடுமாறுவதில் வெட்கமில்லை. சீட்டில் ஒரு கேள்விக்குறி போடத் தயங்குவதுதான் தவறு. ‘ரூகோசா, தனிக்கொம்பு, பேரினம்?’ என்று எழுதிய சீட்டுக்கு நான் தலைவணங்குவேன். துணிந்து எழுதிய தவறான இனப்பெயரோ பட்டியலிலிருந்து பட்டியலுக்குத் தாவி, திருத்த ஆளில்லாமல் நிலைத்துவிடும்.

கொம்புப் பவளத்தைக் கொண்டுவந்து, டைனோசர் பல் என்று அன்பளிப்பாகக் கொடுப்பவர்கள் உண்டு. மறுக்கவேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எங்கே எடுத்தார்கள் என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கம், புதைபடிவமே அல்லாத பவளம். கடற்கரையில் ஒதுங்கிய வெள்ளைப் பவளத்துண்டு, புதைபடிவத் தட்டில் எப்படியோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி தெரியும். அது எடை குறைவு, துளைகள் காலியாக இருக்கும். பழைய புதைபடிவத்தில் துளைகளைக் கால்சைட்டோ சேறோ சிலிக்காவோ அடைத்திருக்கும், கல் கனக்கும். ஆனால் இதையே சட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். கடல்மட்டம் உயர்ந்திருந்த, சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்துப் பவளமேடுகளில் சில இன்றும் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கின்றன. எலும்புக்கூடு அரகோனைட்டாகவே நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்குச் சட்டப் பயனும் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் ஸ்கிளெராக்டினியா முழுவதும் இருக்கிறது, ஆனால் புதைபடிவங்களுக்கு அதில் விலக்கு. வேறு நாட்டு நிறுவனத்தோடு மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ளும்போது, இது எந்த வகை என்று சொல்லத் தெரியாமல் சுங்கத்தில் விழிக்கும் நிலை வரக்கூடாது.

அரகோனைட் என்றேன். ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ரூகோசாவும் டாபுலாட்டாவும் தங்கள் கூட்டைக் கால்சைட்டால் கட்டின. ஸ்கிளெராக்டினியா அரகோனைட்டால் கட்டுகிறது. இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் அரகோனைட் நிலையற்றது. நிலத்தடி நீர் பட்டால் கரைந்துவிடும், அல்லது கால்சைட்டாக மாறும்போது தன் நுண்ணமைப்பை இழந்துவிடும். அதனால் நாற்பது கோடி ஆண்டுக் கிழவனின் முகத்தில் ஒவ்வொரு ரேகையும் தெரியும், ஐந்து கோடி ஆண்டு இளையவனோ அடையாளம் தெரியாமல் அழிந்திருப்பான். வயதை வைத்து மதிப்புப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அரகோனைட்டாகவே எஞ்சியிருக்கும் இளம் மாதிரி மிக அரிது. யுரேனியம்-தோரியம் முறையில் காலம் கணிக்க ஆய்வாளர்கள் தேடுவது அப்படிப்பட்டதைத்தான்.

இப்போது அமிலத்துக்கு வருகிறேன். கையைக் கட்டிக்கொண்டு பேச முடியாத இடம் இது.

சுண்ணாம்புக்கல்லில் பதிந்த சுண்ணாம்புப் பவளத்தை அமிலத்தில் போட்டால் எது கரையும்? இரண்டும் கரையும். அழுக்கு முதலில் போகிறது என்பது கண்ணின் மயக்கம். அழுக்கோடு வெளித்தோலும் போகிறது. அடுக்களை வினிகராக இருந்தாலும் அது அசிட்டிக் அமிலம்தான், மெதுவாகக் கொல்லும். அமிலத்தால் பயன் பெறுவது ஒரே ஒரு வகை: பவளம் சிலிக்காவாக மாறி, சுற்றியுள்ள பாறை சுண்ணாம்பாகவே இருப்பது. அப்போது பாறை கரைந்து பவளம் வெளியே வரும், சில நேரம் பூவேலைபோல் நுண்ணியதாக. அது சிலிக்காதானா என்று முதலில் தெரியவேண்டும். பின்பக்கத்தில், பாறையிலன்றிப் பவளத்தின் மேலேயே, ஒரே ஒரு சொட்டு நீர்த்த அமிலம். நுரைத்தால் கார்பனேட், உடனே கழுவிவிடுங்கள். நுரைக்காவிட்டால், ஓரத்தால் கண்ணாடியைக் கீறிப் பாருங்கள். கீறினால் சிலிக்கா. கால்சைட்டின் கடினம் 3, சிலிக்காவின் கடினம் 7. கண்ணாடி இரண்டுக்கும் நடுவில். சிலிக்கா என்று தெரிந்த பிறகும் அந்த வேலையை அனுபவசாலியிடம் விடுங்கள்.

அந்த வெளித்தோலில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாட்காட்டி இருக்கிறது. ரூகோசாவின் வெளித்தோலில் பெரிய சுருக்கங்களுக்கு இடையே மயிரிழைபோன்ற நுண்கோடுகள் ஓடுகின்றன. 1963-இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பவள அறிஞர், டெவோனியன் காலத்து மாதிரிகளில் அவற்றை எண்ணினார். ஒரு நாளுக்கு ஒரு கோடு என்று கொண்டால், ஓர் ஆண்டு வளர்ச்சிக்கு ஏறத்தாழ 400 கோடுகள் வந்தன. அதாவது அன்றைய ஆண்டுக்கு 400 நாட்கள். ஒரு நாள் 22 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நிலவின் ஈர்ப்பால் எழும் ஓதம் புவியின் சுழற்சியை மெல்ல மெல்லத் தளர்த்துகிறது என்று வானியலாளர்கள் கணக்குப்போட்டுச் சொன்னதற்கு, ஒரு கல் சாட்சி சொன்னது. அடுத்த ஆண்டிலேயே காலின் ஸ்கிரட்டன் அதே காலத்துப் பவளங்களில் மாதப் பட்டைகளைக் கண்டார். ஒரு பட்டைக்குச் சுமார் 30 கோடுகள், ஆண்டுக்கு 13 பட்டைகள். இதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது நல்ல வெளித்தோல் உள்ள சில கொம்புகளும் பொறுமையும். கம்பித் தூரிகையால் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் அந்த 400 நாட்களும் தூசாகப் போயிருக்கும்.

தோலின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்ந்த குடித்தனக்காரர்களும் அதோடு போய்விடுவார்கள். கொடிபோல் படர்ந்த ஆலோபோரா என்னும் சிறு பவளம், பிரையோசோவா, புழுக்குழாய்கள் எல்லாம் ‘அழுக்கு’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. கிண்ணத்துக்குள் பாதியளவு உறைந்திருக்கும் சேற்றைக் குடைந்தெடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சேற்றின் மேல்மட்டம் அன்றைய கடற்படுகையின் நீர்மட்டக் குழாய். கீழே சேறு, மேலே தெளிந்த கால்சைட் என்றிருந்தால், அந்த எல்லைக்கோடு அன்று கிடைமட்டமாக இருந்தது. பவளம் நின்றவாறு புதைந்ததா, விழுந்து புரண்டு புதைந்ததா என்பதை அந்தக் கோடு சொல்லும்.

வார்னிஷுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அது மஞ்சளிக்கும், உரியும், உரியும்போது மேற்பரப்பையும் பெயர்த்துக்கொண்டு வரும், தூசியைப் பிடித்துவைக்கும், ஒளியைத் திருப்பியடித்து நுண்கோடுகளைப் புகைப்படம் எடுக்க முடியாமல் செய்யும். வேதியியல் பகுப்பாய்வுக்கு அந்த மாதிரி ஆகாமலே போகலாம். கல் உதிர்கிறது என்றால், அப்போது மட்டும், பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து, உதிரும் இடத்தில் மட்டும் உறிஞ்சவிடுங்கள். காப்பாளர்கள் அதை விரும்புவதற்குக் காரணம், பின்னர் அசிட்டோனால் மறுபடி கரைத்து எடுத்துவிடலாம் என்பதே. எதைப் பூசினீர்கள், என்று பூசினீர்கள் என்று சீட்டில் எழுதிவையுங்கள். சுத்தம் செய்ய மென்மயிர்த் தூரிகை, மூங்கில் குச்சி, தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் வாலைவடிநீர் போதும்.

பெட்டியும் நோய் தரும் என்பதைப் பலர் நம்புவதில்லை. மரம் மூச்சு விடுகிறது. ஓக் மரமும் ஒட்டுப்பலகைகளும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை மெல்லக் கசியவிடும். மூடிய இழுப்பறைக்குள் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்த ஆவி சுண்ணாம்பைத் தாக்கி, வெள்ளை உப்பாகப் பூத்துவிடும். 1899-இல் பைன் என்ற சிப்பி ஆர்வலர் இதைப் பற்றி எழுதியதால் இன்றும் பைன் நோய் என்று பெயர். அவர் கிருமியைக் குற்றம் சொன்னார், குற்றவாளி அலமாரி. சிப்பிகளில்தான் இதை அதிகம் பார்க்கலாம், ஆனால் அரகோனைட் பவளமும் தப்புவதில்லை. வெள்ளைப் பூப்பைக் கண்டதும் பூஞ்சை என்று நினைத்து மருந்தடிக்காதீர்கள். மாதிரியை வெளியே எடுத்து, அமிலமற்ற அட்டைத் தட்டில், காற்றோட்டமுள்ள எஃகு அலமாரியில் வையுங்கள்.

கருஞ்சாம்பல் சேற்றுப்பாறையில் வந்த, பித்தளை மினுமினுப்புள்ள மாதிரிகளைத் தனியே பிரியுங்கள். அந்த மினுமினுப்பு பைரைட். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் அது வேகமாகக் கெடத் தொடங்கும். மஞ்சள் கலந்த வெள்ளைத் தூள், கந்தக நெடி, பிறகு விரிசல். அதில் பிறக்கும் கந்தக அமிலம் பக்கத்திலுள்ள கால்சைட்டைத் தின்று, அட்டையைத் தின்று, சீட்டையும் தின்றுவிடும். இவற்றைக் கழுவவே கூடாது. 45 விழுக்காட்டுக்குக் கீழே, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரப்பதமானி விலை அதிகமில்லாத கருவிதான். வார்னிஷ் டப்பாவுக்கு ஒதுக்கிய தொகையில் அதை வாங்கிவிடலாம்.

கடைசியாகச் சீட்டு. மை மங்கிய அந்த அசிங்கமான துண்டுக்காகிதம்.

ஒரு பவளத்தின் பெயரைத் தவறாக எழுதிவிட்டால் நாளை ஒருவர் வெட்டிப் பார்த்துத் திருத்திவிடுவார். அது எந்தக் குவாரியில், எந்தப் படுகையில், தரையிலிருந்து எந்த உயரத்தில், யாரால், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதைக் கல்லைப் பார்த்து யாராலும் எழுத முடியாது. குவாரியே மூடப்பட்டிருக்கும், எடுத்தவர் மறைந்திருப்பார். ஆகவே புதுச் சீட்டு எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள், ஆனால் பழையதன்மேல் எழுதாதீர்கள், பழையதைத் தூக்கியெறியாதீர்கள். எத்தனை சீட்டுகள் இருந்தாலும் எல்லாம் மாதிரியோடு ஒரே தட்டில் இருக்கட்டும். முன்னவர் வைத்த பெயர் இன்று செல்லாமல் போயிருந்தாலும், அச்சேறிய ஆய்வுரையில் அந்தப் பெயரில்தான் இந்த மாதிரி இருக்கும். எண்ணைக் கல்லிலும் எழுதுங்கள்: மறைவான இடத்தில் ஒரு சிறு பொட்டளவு பாரலாய்டு, அது காய்ந்தபின் இந்திய மையில் எண், அதன்மேல் மறுபடி ஒரு பூச்சு. தகடுகள் உள்ள முகத்தில் எழுதிவிடாதீர்கள். அதையும் செய்தவர்கள் உண்டு.

பார்வையிட வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு சேகரிப்பு எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்று அறிய விரும்பினால், பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஏதாவது ஒரு இழுப்பறையைத் திறக்கச் சொல்லுங்கள், ஏதாவது ஒரு கல்லை எடுங்கள், அதன் எண்ணைப் பதிவேட்டில் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நீங்கள் பளபளப்பைப் பாராட்டுகிறீர்கள் என்று தெரிந்ததால்தான் அந்த உதவியாளர் மாலை முழுவதும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குப்பைக்கூடைக்குத் திரும்புகிறேன். அன்று பொறுக்கியெடுத்த சீட்டுகளைப் பிரித்து, தட்டையாக்கி, ஒரு உறைக்குள் போட்டேன். எந்தச் சீட்டு எந்தக் கல்லுக்கு உரியது என்பது, எண் எழுதியிருந்த சிலவற்றுக்கு மட்டும் தெரிந்தது. மற்றவற்றின் எண்கள் அமிலத்தோடு போயிருந்தன. பாதிக் கொம்பின் வெட்டுமுகத்தின் ஓரத்தில் மட்டும் எண் தப்பியிருந்தது, அது அமிலத்துக்குப் போகாமல் நேராகக் குப்பைக்குப் போனதால். அதே எண்ணுள்ள கண்ணாடித் தகடுகள் இரண்டு, குறுக்கு ஒன்றும் நெடுக்கு ஒன்றுமாக, நுண்ணோக்கி அலமாரியின் அடித்தட்டில், வேறு யாரோ ஒருவரின் பாறைச் சீவல்களோடு கலந்து கிடந்தன. பவளத்தின் ஆரத் தகடுகள் ஒவ்வொன்றும் அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

மூன்றும் இப்போது ஒரு அட்டைப்பெட்டியில், நான் அமரும் மேசைமேல் இருக்கின்றன. எந்த இழுப்பறையில் வைக்கலாம் என்று சொல்லுங்கள். எஃகு அலமாரியாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் கற்களைத் தூசு தட்ட வந்துபோகும் ஒருவன்